பழைய மாளிகைத் தோட்டத்தில் கோடைப் பயிற்சி: எதைத் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது

மாளிகைத் தோட்டத்துக்குப் பயிற்சியாளராக (அதாவது பயிற்சி பெறுபவராக) போகிறவர்கள் முதல் வாரம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஆர்வக் கோளாறால் வருபவை. சரளைப் பாதையோரம் தானாக முளைத்த நாற்றைக் களை என்று பிடுங்கிவிடுவார்கள். தலைமைத் தோட்டக்காரர் இரண்டு வருடமாகப் பரவவிட்டு வைத்திருந்த டிஜிடாலிஸ் என்ற பூச்செடி அது. மதியம் தொங்கிப்போன செடியைப் பார்த்து மனம் கேட்காமல் தண்ணீர் விடுவார்கள். அதன் வேர் ஏற்கெனவே ஈரம் தாங்காமல் அழுகிக்கொண்டிருக்கும். வீட்டுத் தோட்டத்தில் இதெல்லாம் ஒரு செடியோடு போய்விடும். மாளிகைத் தோட்டத்தில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பதிவு உண்டு: எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு நட்டது, எந்தப் பழைய வரைபடத்தைப் பார்த்து அந்த இடத்தில் வைத்தது என்று. அதனால் பார், கேள், எழுதிவை, பிறகு கை வை. இந்த வரிசை பழகிவிட்டால் மற்றதெல்லாம் கையோடு வந்துவிடும்.

விண்ணப்பமும் புறப்பாடும்

இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் பயிற்சிக் காலம் பொதுவாக மே கடைசியில் அல்லது ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை ஓடும். ஆட்களை அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே தேர்ந்தெடுத்துவிடுவார்கள். ஏப்ரலில் தேட ஆரம்பித்தால் நல்ல இடங்கள் போயிருக்கும்.

விண்ணப்பக் கடிதத்தில் 'இயற்கையை நேசிக்கிறேன்' என்பதை எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் கையால் செய்ததை எழுதுங்கள்: எத்தனை நாற்று வளர்த்தீர்கள், எந்தச் செடியைக் கவாத்து செய்தீர்கள், எது ஏன் செத்தது. செத்ததற்குக் காரணம் சொல்லத் தெரிந்தவரைத் தலைமைத் தோட்டக்காரர்களுக்குப் பிடிக்கும். ஒப்புக்கொள்வதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். உதவித்தொகை உண்டா? தங்க இடம் தருவார்களா? வார இறுதித் தண்ணீர் முறை யாருடையது? வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டுமா? பயிற்சி தருபவர் உங்களோடு பாத்தியில் இருப்பாரா, அலுவலகத்தில் இருப்பாரா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் அந்தப் பயிற்சியின் தரம் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு வழக்கமான வழி ஜே-1 விசாவின் பயிற்சியாளர் ('இன்டர்ன்') பிரிவு. படித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது படிப்பு முடிந்து 12 மாதம் தாண்டியிருக்கக் கூடாது. அதிகபட்சக் காலம் 12 மாதம். தோட்டம் சொல்லித்தரப்போவதை வரிசையாக எழுதும் பயிற்சித் திட்டப் படிவம் ஒன்று உண்டு, அதன் பெயர் டி.எஸ்.-7002. அதில் 'தோட்ட வேலைகள்' என்று ஒற்றை வரி எழுத விடாதீர்கள். எந்த வாரம் எந்தத் திறமை என்று விரிவாக இருந்தால், நாளைக்கு மூன்று மாதமும் களை மட்டும் எடுக்கவைத்தால், அதைக் காட்டிப் பேசலாம்.

எடுத்துப்போக வேண்டியவை அதிகம் இல்லை. கணுக்கால் மூடும் கெட்டியான பூட்ஸ், அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை. கையுறை இரண்டு ஜோடி: நாற்று வேலைக்கு மெல்லிய ரப்பர் பூச்சு, ரோஜாவுக்கு முழங்கை வரை வரும் தோல். இரு அலகும் ஒன்றையொன்று தாண்டி வெட்டும் பைபாஸ் வகைக் கவாத்துக் கத்தரி ஒன்று சொந்தமாக இருக்கட்டும். தட்டை மேடையில் அழுத்தி வெட்டும் ஆன்வில் வகை பச்சைத் தண்டை நசுக்கும். குறிப்பேட்டுக்குப் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள், ஈரத்தில் பேனா மை ஓடிவிடும். டெட்டனஸ் தடுப்பூசி காலாவதியாகியிருந்தால் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: தோட்டத்தை வாசிப்பது

பழைய தோட்டத்தில் நுழைந்ததும் கேட்க வேண்டிய கேள்வி, 'இங்கே எந்த ஆண்டின் தோட்டத்தைக் காப்பாற்றுகிறோம்?' என்பது. முன்னூறு ஆண்டு வயதுள்ள இடத்தில் ஐந்தாறு தோட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். வரலாற்றுத் தோட்டங்களுக்காக 1981இல் எழுதப்பட்ட புளோரன்ஸ் சாசனம், தோட்டத்தை உயிருள்ள நினைவுச்சின்னமாகப் பார்க்கிறது. அதன் பொருள்கள் சாகும், மறுபடி நடப்படும், ஆனால் அமைப்பு நிலைக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டால், செத்த செடி இருந்த இடத்தில் அழகான வேறொன்றை ஏன் வைக்க விடமாட்டார்கள் என்பதும் புரியும்.

ஆதாரங்கள் எங்கெங்கோ இருக்கும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள மாண்டிசெல்லோ மாளிகையில், அந்நாட்டின் அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1766இல் தொடங்கிய தோட்டக் குறிப்பேடு இருக்கிறது. 1807இல் அவர் வரைந்த, வளைபாதையோரப் பூப்பாத்திகளின் வரைபடமும் இருக்கிறது. அந்த வளைபாதை பிற்காலத்தில் புல்லுக்குள் மறைந்துபோனது. 1939இல் மீட்டெடுக்க வந்தவர்கள் இரவில் கார் விளக்குகளைப் புல்தரைமீது பாய்ச்சி, நிழல் விழுந்த பள்ளங்களைப் பார்த்துப் பாதையைக் கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்தின் சாட்ஸ்வர்த்தில் 2018 வறட்சியில் புல் காய்ந்தபோது, 1699இல் போட்ட பெரிய பூப்பாத்தியின் கோலம் அப்படியே தரையில் எழுந்து நின்றது. கல்லோ சரளையோ அடியில் இருந்தால் மேல்மண் மெல்லியதாக இருக்கும், அங்கே புல் முதலில் பழுக்கும். மூடிய வாய்க்காலின் மேல் மண் ஆழம், அங்கே பச்சை தங்கும். கோடைப் பயிற்சியாளர் இருப்பதே இந்தக் கோடுகள் தெரியும் பருவத்தில்தான். கண்ணில் பட்டால் உயரமான ஜன்னலிலிருந்து படம் எடுத்து, தேதி எழுதிக் கொடுங்கள். மழை பெய்த சில நாளில் அது மறைந்துவிடும்.

அதே காரணத்தால்தான் இங்கே ஆழமாகத் தோண்டக் கூடாது. வழக்கமாகக் கொத்தும் ஆழத்தைத் தாண்டப்போகிறீர்கள் என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். செங்கல், ஓட்டுத் துண்டு, பழைய குழாய் வந்தால் நிறுத்துங்கள். எடுத்துச் சுத்தம் செய்து கொண்டுபோய்க் காட்டுவது நல்ல எண்ணம்தான், ஆனால் அது கிடந்த இடமும் ஆழமும்தான் தகவல். எடுத்த பிறகு அது வெறும் செங்கல்.

பெயர்ப்பலகையில் செடியின் பெயருக்குக் கீழே 2019-0042 போல ஓர் எண் இருக்கும். முதல் பகுதி தோட்டத்துக்கு வந்த ஆண்டு, அடுத்தது அந்த ஆண்டின் வரிசை எண். பலகை கீழே விழுந்து கிடந்தால் ஊகித்து அருகில் இருக்கும் செடிக்குக் குத்திவிடாதீர்கள். தப்பான பலகை, பலகையே இல்லாததைவிட மோசம். எங்கே கிடந்தது என்று எழுதி, பதிவு பார்ப்பவரிடம் ஒப்படையுங்கள்.

பேரினம், சிற்றினம், ஒற்றை மேற்கோளில் ரகப்பெயர் என்ற முறையில் நாளுக்கு ஐந்து செடி படித்தால் எட்டு வாரத்தில் இருநூறு தாண்டும். பூவை வைத்துப் படிக்காமல் இலை, தண்டு, மணம் வைத்துப் படியுங்கள். பூ இரண்டு வாரம், இலை ஆறு மாதம்.

தண்ணீர்

கோடையில் பயிற்சியாளர் கையில் அதிக நேரம் இருப்பது குழாய்தான். சொல்லித்தரப்படாமலே விடப்படும் வேலையும் அதுதான்.

பொதுக் கணக்கு: மழை இல்லாத வாரத்தில் பாத்திக்கு 25 மி.மீ. தண்ணீர், அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர். உங்கள் குழாய் எவ்வளவு கொடுக்கிறது என்று முதல் நாளே அளந்துவிடுங்கள். 10 லிட்டர் வாளி 30 நொடியில் நிரம்பினால் ஒரு சதுர மீட்டருக்கு 75 நொடி நிற்க வேண்டும். நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு நீண்ட நேரம் என்பது தெரியும். பெரும்பாலானோர் பத்து நொடியில் நகர்ந்துவிடுகிறார்கள். மேல் இரண்டு சென்டிமீட்டர் மட்டும் நனைகிறது, வேர் மேலே ஏறி வருகிறது, அடுத்த வெயிலில் செடி இன்னும் சீக்கிரம் வாடுகிறது. விட்டு முடித்ததும் கைக்கரணையால் ஒரு கீறல் கீறிப் பாருங்கள். ஈரம் 15 செ.மீ. போகவில்லை என்றால் வேலை முடியவில்லை.

மண் தண்ணீரை வாங்காமல் ஓடவிட்டால் ஒரே மூச்சில் ஊற்றாமல் மூன்று சுற்றாக வாருங்கள். தொட்டியில் கலவை முழுக்கக் காய்ந்து ஓரத்தை விட்டு விலகியிருந்தால் மேலே ஊற்றுவது எல்லாம் இடைவெளி வழியே கீழே போய்விடும். தொட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, குமிழி நிற்கும் வரை வைத்திருங்கள்.

ஹைட்ராஞ்சியா, ஃப்ளாக்ஸ் போன்றவை மதிய வெயிலில் தொங்கும், மாலையில் நிமிரும். அதற்காகப் பதற வேண்டாம். காலையிலும் தொங்கினால்தான் தாகம். மண் ஈரமாக இருந்தும் வாடினால் வேரில் கோளாறு, இன்னும் தண்ணீர் விட்டால் சீக்கிரம் சாகும். குழாயை இழுக்கும்போது பாத்தி முனைகளில் கட்டைக் குச்சி அடித்து அதைச் சுற்றி இழுங்கள், இல்லையென்றால் குழாய் முனைச் செடிகளை அறுத்துப்போடும். பார்வையாளர் கதவு திறப்பதற்கு முன் பாதையில் குழாய் கிடக்கக் கூடாது.

களை

ஒருபருவக் களைகளைக் காய்ந்த காலையில் ஹோ என்ற நீண்ட பிடிக் களைக்கொத்தால் மண்ணின் மேல் ஒன்று, இரண்டு சென்டிமீட்டரில் சீவிவிட்டால் வெயிலே கொன்றுவிடும். ஈர நாளில் சீவினால் மறுபடி வேர் பிடிக்கும். ஆழமாகச் சீவினால் அடியில் உறங்கும் விதைகளை மேலே கொண்டுவந்து புது அறுவடைக்கு வழி செய்கிறீர்கள். கொடிபோல் சுற்றும் பைண்ட்வீட் வேறு கதை: வெள்ளை வேரின் சின்னத் துண்டும் முளைக்கும். அதை ஹோவால் தொடவே கூடாது. பல் மண்வெட்டியால் மண்ணை நெகிழ்த்தி, வேரைத் துண்டாக்காமல் உருவி, தனி வாளியில் போடுங்கள். மட்குக் குழிக்கு அது போகக் கூடாது.

தானாக முளைப்பவற்றில் எதை வைப்பது என்பதில்தான் தோட்டத்தின் குணம் இருக்கிறது. இங்கிலாந்தின் சிசிங்ஹர்ஸ்டில் எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட் 1950 வாக்கில் அமைத்த வெள்ளைத் தோட்டம் போன்ற இடத்தில், ஆரோக்கியமான ஊதா டிஜிடாலிஸ்கூடக் களைதான். பூக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாற்றின் இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் ஊதாச் சாயம் ஓடினால் பூவும் பெரும்பாலும் ஊதா. சுத்தப் பச்சையாக இருந்தால் வெள்ளைக்கு வாய்ப்பு அதிகம். முதல் இரண்டு வாரம் பிடுங்குவதில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு மாதிரி எடுத்து வைத்துக் காட்டுங்கள். நான்கு இலைப் பருவத்தில் நாற்றுகளை அடையாளம் காணத் தெரிந்தவரை எந்தத் தோட்டமும் திரும்பக் கூப்பிடும்.

வெட்டுவதும் முட்டுக்கொடுப்பதும்

வாடிய பூவை நீக்குவதற்கு ஒரே விதி கிடையாது. திரும்பத் திரும்பப் பூக்கும் ரோஜாவில் வாடிய பூவுக்குக் கீழே முழு இலை வந்த இடத்தில், வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். காலிக்கா, ஆல்பா போன்ற பழைய ரோஜாக்கள் ஆண்டுக்கு ஒரு முறைதான் பூக்கும், எவ்வளவு கிள்ளினாலும் மறுபடி வராது. ருகோசாவில் செங்காய்கள் வேண்டும் என்பதற்காகவே பூவை விட்டுவைப்பார்கள். டாலியாவில் எல்லோரும் ஏமாறுவார்கள்: உருண்டையாக, கெட்டியாக இருப்பது புது மொட்டு, கூம்பாக நீண்டு, அழுத்தினால் மெத்தென்று நீர் வருவது வாடியது. ஸ்வீட் பீயில் ஒரு காய் முற்ற விட்டாலே கொடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும், இரண்டு நாளுக்கு ஒரு முறை முழுக்கப் பறித்துவிடுங்கள். லாவெண்டரைப் பூ முடிந்ததும் வெட்டலாம், ஆனால் பச்சை இலை கொஞ்சம் மிஞ்ச வேண்டும். இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது.

மே கடைசியில் சேர்ந்தால் 'செல்சி சாப்' பார்க்கலாம். அந்த வாரம் லண்டனில் நடக்கும் செல்சி மலர்க்காட்சியின் பெயரால் வந்த வழக்கம். சீடம், ஹெலேனியம், ஃப்ளாக்ஸ் தண்டுகளை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வெட்டிவிடுவார்கள். பூ சில வாரம் தள்ளி வரும், செடி குட்டையாகக் கிளைத்துச் சாயாமல் நிற்கும்.

மற்றவற்றுக்கு முட்டு வேண்டும், அதுவும் செடி முழங்கால் உயரம் இருக்கும்போதே. கிளைத்த ஹேசல் குச்சிகளைச் சுற்றிலும் ஊன்றி, நுனிகளை உள்பக்கம் முறித்து மடக்கிப் பின்னிவிடுங்கள். மொத்த உயரம், செடி வளரப்போகும் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. சில வாரத்தில் குச்சி தெரியாது. மழையில் சாய்ந்த பிறகு கயிறு போட்டுக் கட்டினால் விறகுக்கட்டு மாதிரிதான் நிற்கும், அதைச் சரிசெய்ய வழியில்லை.

பாக்ஸ்வுட், யூ வேலிகள்

பாக்ஸ்வுட், யூ இரண்டும் வெட்டி வடிவமைக்க ஏற்ற பசுமைமாறாச் செடிகள். இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹாலில் 1690களில் தொடங்கிய, உருவங்களாக வெட்டி வளர்த்த வெட்டுருவச் செடிகள் இன்றும் நிற்கின்றன. இப்படிப்பட்ட செடியில் ஒரு வினாடி கைதவறினால் ஆற ஐந்து வருடம் ஆகும். பயிற்சியாளர் முதலில் வெட்டியதை வாருவார், பிறகு நேர்வேலியின் பக்கவாட்டு, கடைசியில்தான் உருவங்கள். இந்த ஏற்பாட்டை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாக்ஸ்வுட்டை ஜூனில் வெட்டுவார்கள், யூவை ஆகஸ்ட் வாக்கில். மேகமூட்டமான, ஆனால் காய்ந்த நாள் வேண்டும். சுள்ளென்ற வெயிலில் வெட்டினால் இதுவரை நிழலில் இருந்த உள் இலைகள் கருகும். ஈரத்தில் வெட்டினால் நோய் பரவும். வேலியின் அடி அகலமாகவும் உச்சி குறுகலாகவும் சாய்ந்திருக்க வேண்டும். நேர்செங்குத்தாக வெட்டினால் மேல்பகுதி தடித்து, அடியில் வெளிச்சம் விழாமல் இலை கொட்டிவிடும். கயிறு கட்டாமல் கண்ணளவில் வெட்டாதீர்கள், பத்து மீட்டர் போனதும் கண் உங்களை ஏமாற்றும். வெட்டுமுன் கிளைகளை விலக்கிப் பறவைக்கூடு பாருங்கள். பயன்பாட்டில் உள்ள கூட்டைத் தெரிந்தே சேதப்படுத்துவது பிரிட்டனில் 1981 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். யூ கழிவை ஒரு குச்சி விடாமல் வாருங்கள். வேலிக்கு அப்பால் மாடோ குதிரையோ மேய்ந்தால், கொஞ்சம் தின்றாலும் செத்துவிடும்.

பாக்ஸ்வுட் கருகல் நோய்தான் இந்தத் தோட்டங்களின் பெரிய பயம். பிரிட்டனில் 1990களில் தெரியவந்தது, அமெரிக்காவில் 2011இல் உறுதியானது. இலையில் கரும்பழுப்புப் புள்ளி, இளந்தண்டில் கருப்புக் கோடு, பிறகு கொத்துக்கொத்தாக இலை உதிர்வு: மூன்றும் சேர்ந்தால் தொடாமல் போய்ச் சொல்லுங்கள். உதிர்ந்த இலையில் பூஞ்சை ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வேலை வரிசை எப்போதும் நோயில்லாத பாத்தியில் தொடங்கி, சந்தேகம் உள்ள பாத்தியில் முடிய வேண்டும். கத்தரியில் ஒட்டிய சாறு, இலைத்தூள் எல்லாவற்றையும் முதலில் துடையுங்கள், பிறகு 70 சதவீத ஆல்கஹால் தடவுங்கள். அழுக்கின்மேல் மருந்து போட்டால் வேலை செய்யாது. பூட்ஸ் அடியையும் தேய்த்துக் கழுவுங்கள், அதை மறக்காதவர் குறைவு. இலைகளுக்கு நடுவே நூலாம்படையும், கருந்தலைப் பச்சைப் புழுவும் தெரிந்தால் அது வேறு எதிரி, பாக்ஸ் அந்துப்பூச்சி.

உங்கள் உடம்பு

வெயிலில் உழைக்கும்போது 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு தம்ளர், சுமார் 240 மி.லி., குடியுங்கள். முதல் நாளே முழு வேகம் வேண்டாம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை, புதியவர்கள் முதல் நாள் வெயிலில் வழக்கமான நேரத்தில் 20 சதவீதம் மட்டும் உழைத்து, பிறகு நாளுக்கு நாள் கூட்டச் சொல்கிறது. வெயில் நாட்டில் பிறந்தவருக்கும் இது பொருந்தும், பல மாதம் வகுப்பறையில் இருந்த உடம்பு அதை மறந்திருக்கும்.

யூபோர்பியாவின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ராட்சத ஹாக்வீட், ரூ இரண்டின் சாறும் தோலில் பட்டு வெயில் அடித்தால் கொப்புளம் எழும். அகோனைட்டைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். அமெரிக்காவில் மூவிலை விஷக்கொடியான பாய்சன் ஐவியின் எண்ணெய் கருவியின் பிடியில் ஒட்டி அடுத்தவர் கைக்குப் போகும். அதை எரித்தால் புகையும் நுரையீரலைப் புண்ணாக்கும். உயரப் புல்லில் நுழையும்போது கால்சட்டையைச் சாக்ஸுக்குள் சொருகி, மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி வரை உண்ணி தேடுங்கள். கடித்திருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். அடுத்த வாரங்களில் வட்டத் தடிப்போ காய்ச்சலோ வந்தால், உண்ணி கடித்த தேதியோடு மருத்துவரிடம் போங்கள்.

பார்வையாளரும் கடைசி வாரமும்

நீங்கள் குனிந்திருக்கும்போதுதான் கேள்வி வரும். செடியின் பெயர் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லி, யாரைக் கேட்கலாம் என்று காட்டுங்கள். இந்தத் தோட்டத்தை உண்மையில் யார் உருவாக்கினார்கள் என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும். மாண்டிசெல்லோவின் ஆயிரம் அடி நீளக் காய்கறித் தளத்தை மலைச்சரிவில் வெட்டியவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட மக்கள். பாத்திகளைக் கவனித்த வோர்ம்லி ஹியூஸும் அடிமைப்படுத்தப்பட்டவரே, ஜெஃபர்சன் இறந்தபோது அவருடைய கல்லறைக் குழியைத் தோண்டியவரும் அவர்தான். மாளிகைக்காரரின் பெயரோடு இந்தப் பெயரையும் சொல்லுங்கள்.

கடைசி வாரத்தில் உங்கள் பாத்திகளுக்கு ஒப்படைப்புக் குறிப்பு எழுதுங்கள்: எந்தச் செடி எந்தத் தேதியில் பூத்தது, எங்கே பைண்ட்வீட் மிச்சம் இருக்கிறது, எந்த மூலை சீக்கிரம் காய்கிறது, எதை வெட்டியபின் என்ன ஆனது. முதல் நாள் நின்ற அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் படம் எடுத்துச் சேருங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்பதாக இருந்தால் கிளம்புவதற்கு முன்பே, நீங்கள் செய்த வேலைகளின் பட்டியலோடு கேளுங்கள். ஆசைப்பட்ட செடியின் தண்டையோ விதையையோ பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். தோட்டம் மனமுவந்து கொடுத்தாலும், எல்லை தாண்டும் தாவரத்துக்குப் பயிர்நலச் சான்றிதழும் சேரும் நாட்டின் இறக்குமதி அனுமதியும் பொதுவாகத் தேவைப்படும். பூட்ஸை மண் போகத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகு பெட்டியில் வையுங்கள்.